ஆலைக் கசடும் கழிவுநீரும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

எஃகுக் கசடு (எஃகு உருக்கும்போது மிஞ்சும் கழிவு), படிகாரச் சேறு (குடிநீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைக்கும்போது அடியில் தங்குவது), அனல்மின் சாம்பல் என்று ஆலைகள் ஒதுக்கித் தள்ளும் பொருள்களை வைத்துக் கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் எடுக்க முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எஃகுக் கசடு வெறும் கல்தானே சார்? அது எப்படி பாஸ்பேட்டைப் பிடிக்கும்?

பார்க்கத்தான் கல். உள்ளே சுண்ணாம்புச் சத்து ஏராளம். நீர் பட்டதும் கால்சியம் கரைந்து வரும், காரத்தன்மை ஏறும். அந்த நிலையில் கால்சியமும் பாஸ்பேட்டும் (பாஸ்பரஸ் நீரில் கரைந்திருக்கும் வடிவம்) சேர்ந்து கசட்டின் மேல் படியும். நம் பல்லிலும் எலும்பிலும் இருக்கிற அதே வகைக் கனிமம்தான் அது. கசட்டில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

நைட்ரேட்டும் போய்விடுமா?

போகாது. நைட்ரேட் என்பது நைட்ரஜன் நீரில் கரைந்திருக்கும் ஒரு வடிவம். அது எதோடு சேர்ந்தாலும் பெரும்பாலும் கரைந்தே கிடக்கும். அதைத் தின்ன பாக்டீரியா வேண்டும், அதற்கு ஆக்சிஜன் இல்லாத இடமும் கரிமத் தீனியும் வேண்டும். மர ஆலையின் சீவல் இதற்கு அருமையான சரக்கு.

ஒருமுறை நிரப்பினால் எத்தனை வருஷம் ஓடும்?

விற்பவர்கள் இதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்! நியூசிலாந்தின் வையுக்கு ஊரில் 1993 முதல் எஃகுக் கசடு வடிகட்டி ஓடியது. முதல் 5 ஆண்டுகள் மொத்த பாஸ்பரஸில் 77 சதவீதத்தைப் பிடித்தது. அப்புறம் வேகமாகச் சரிந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் கிலோ கசடுக்குச் சுமார் 1.2 கிராம் பாஸ்பரஸ்தான். ஆய்வகத்தில் அடர்த்தியான கரைசலில் கசட்டைக் குலுக்கி எடுக்கிற எண் இதைவிடப் பல மடங்கு இருக்கும். அதை நம்பித் தொட்டியின் அளவைத் தீர்மானிக்காதீர்கள்.

கசடு வழியாக வடித்த கழிவுநீரை மீன்தொட்டியில் விட்டேன், மறுநாளே எல்லாம் செத்து மிதந்தன. ஏன் அண்ணா?

வடிந்த நீரில் பிஹெச் தாளை நனைத்துப் பார்த்தீர்களா? புதுக் கசடு என்றால் கருநீலத்துக்கே போயிருக்கும், அதாவது 11 அல்லது 12. அதுவே மீனைக் கொல்லும். போதாததற்கு, 9.25-ஐத் தாண்டினால் நீரில் உள்ள அம்மோனியம் பாதிக்கு மேல் அம்மோனியாவாக மாறிவிடும், அது நேரடி விஷம். காற்றடித்தாலோ நாணல் படுகை வழியாக விட்டாலோ காரம் இறங்கும். சில நாளில் கற்கள் மேல் வெள்ளையாக ஓர் ஏடு படியும். அது காற்றின் கரியமில வாயுவால் வரும் சுண்ணாம்பு. இடுக்குகளை அடைப்பதும் அதுதான்.

அப்படியானால் உங்கள் தேர்வு எது?

சிறிய இடத்துக்குக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துப் படிகாரச் சேறு. காயவைத்து உடைத்துப் போட்டால் போதும். அதிலுள்ள அலுமினியம் பாஸ்பேட்டைப் பிடிக்கும், காரமும் ஏறாது. ஈரமாகவே கொட்டினால் களிமண்போல இறுகி நீரே இறங்காது. அந்தத் தப்பை நானே செய்து, மண்வெட்டியோடு ஒரு நாள் முழுக்கத் தோண்டியிருக்கிறேன்.

தீர்ந்துபோன கசட்டை வயலில் போடலாமா?

முதலில் கசட்டில் வனேடியம், குரோமியம் ஆகிய உலோகங்கள் எவ்வளவு என்று சோதனை செய்யுங்கள். அந்த அறிக்கை கையில் வரும்வரை ஒரு கூடை கூட வேண்டாம்.