கடலோர நிலத்தை யாருக்கு எழுதி வைப்பது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கடலோர நிலத்தை விற்காமல், கட்டடம் கட்டாமல், இருக்கிறபடியே காப்பாற்ற ஓர் அறக்கட்டளை வைக்க முடியுமா என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். இடம் போதாமல் நாலு வரியில் பதில் சொல்லி முடித்திருந்தேன். அதற்குத்தான் இவ்வளவு கடிதம். நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ராதாபுரம், சாத்தான்குளம், திருச்செந்தூர் தாலுகாக்களில் செயின் பிடித்து நடந்தவன். இந்த மண் விஷயத்தில் எனக்கு ஆசை அதிகம். அதனால் பட்டா, பாகப்பிரிவினைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, என் மகள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருக்கிறாள். அங்கே இப்ஸ்விச் என்ற ஊரில் ஒரு கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். கடற்கரை, மணல்மேடு, மேலே ஒரு பழைய மாளிகை, எல்லாமே ஒரு டிரஸ்டுக்குச் சொந்தமாம். பறவை முட்டையிடும் இடத்தில் கயிறு கட்டி ஆளை ஒதுங்கிப் போகச் சொல்கிறார்கள். எங்களுக்குத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், ஏழு ஏக்கர் பட்டா நிலம் சும்மா கிடக்கிறது. இங்கேயும் அப்படிச் செய்ய முடியுமா?
– வாசகி, திசையன்விளை

முதலில் ஒன்று அம்மா. உங்கள் ஏழு ஏக்கர் சும்மா கிடக்கவில்லை. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. தேரி மணலில் விழுகிற மழை ஓடுவதில்லை, அப்படியே உள்ளே இறங்கிவிடும். இறங்கிய நல்ல தண்ணீர் கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் நின்று, கடல் நீர் உள்ளே ஏறாமல் தள்ளிப் பிடிக்கிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். சுற்றிலும் செக்கச் சிவந்த மணல், நடுவில் சுனை. அந்தத் தண்ணீர் தேரி குடித்து வைத்த மழைதான். மேட்டை வெட்டி எடுத்துவிட்டால் சுனையும் போகும், பக்கத்து ஊர்க் கிணறும் உப்பாகும்.

உங்கள் நிலத்தில் இன்னொன்றும் இருக்கலாம். மேல்காற்று அடித்து ஓய்ந்தபின் தேரிப் பள்ளத்தில் குனிந்து பார்த்தால், விரல் நகம் அளவுக்குச் சீவிய கல் துண்டுகள் கிடக்கும். வெள்ளைக் கல்லிலும், மெழுகு பூசினதுபோல வழவழப்பான கல்லிலும் செய்த கருவிகள் அவை. ஓரத்தைத் தடவினால் கூர் இன்னும் தெரியும். இரும்பு அறியாத காலத்து மனிதர்கள் வேட்டைக்கும் அறுக்கவும் செய்துகொண்டவை. ஸாய்னர், ஆல்ச்சின் என்ற தொல்லியல் ஆய்வாளர்கள் இந்தத் தேரிக் கருவிகளைப் பற்றி 1956-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதனால் உங்கள் நிலம் இயற்கைச் சொத்து மட்டும் இல்லை, சரித்திரச் சொத்தும்தான். கண்ணில் பட்டால் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். எந்த இடத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் பாதி அர்த்தம் இருக்கிறது.

சரி, உங்கள் மகள் காட்டிய இடத்துக்கு வருவோம். அந்த டிரஸ்ட் 1891-இல் சார்லஸ் எலியட் என்பவரின் முயற்சியில் தொடங்கியது. அந்தக் கடற்கரையின் பெரும் பகுதியை 1945-இல் கிரேன் என்ற குடும்பம் கொடுத்தது. இங்கிலாந்தில் இதே மாதிரி அமைப்பு 1895-இல் வந்தது. அதற்கு வந்த முதல் நிலம் வேல்ஸில் கடலைப் பார்த்து நிற்கிற ஒரு குன்றுச் சரிவு. ஃபேனி டால்பாட் என்ற அம்மாள் கொடுத்தது, நாலரை ஏக்கர். உங்களுடையதை விடச் சின்னது! 1907-இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, அந்த அமைப்பு தன் நிலத்தைக் கைமாற்ற முடியாதது என்று அறிவிக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தது. 1965-இல் கடற்கரைக்கென்றே தனியாக நிதி திரட்டினார்கள். இன்றைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலோரம் அவர்கள் கையில் இருக்கிறது.

நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் வழி இல்லாமல் போகவில்லை. பொது அறக்கட்டளை ஒன்றைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, நிலத்தை அதன் பெயருக்கு மாற்றலாம். என்ன நோக்கம் என்பதை வளவளவென்று எழுதாமல், ‘இன்ன சர்வே எண்களில் உள்ள தேரி மணல், பனை, உடை மரங்கள், சுனை, தொல்பொருள் ஆகியவற்றை இருக்கிறபடி காப்பது’ என்று எழுத வேண்டும். பின்னால் வருகிற அறங்காவலர் நோக்கத்தை மீறினால், அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். கணக்குக் கேட்கலாம், ஆளையே மாற்றச் சொல்லலாம். நோக்கம் தெளிவாக இருந்தால்தான் அந்த வழக்கு நிற்கும்.

அதற்கெல்லாம் முந்தி எல்லையை அளந்து கல் நடுங்கள். தேரியில் இது பெரிய பாடு. நட்ட கல்லை ரெண்டு ஆடிக் காற்று மூடிவிடும். நாங்கள் அளக்கப் போனால் புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லைத் தேடி மண்வெட்டியால் தோண்டிக்கொண்டே இருப்போம். அகப்படாவிட்டால் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து ஒற்றைப் பனையைக் காட்டுவார், அங்கிருந்து பிடித்து வருவோம். எல்லை தெரியாத நிலத்தை எந்த அறக்கட்டளைக்குக் கொடுத்தாலும், அது பக்கத்து நிலத்துக்காரருக்கும் மணல் லாரிக்கும் கொடுத்த மாதிரிதான்.

எங்கள் அப்பா கடல் பக்கத்து நிலத்தை எனக்குத் தான செட்டில்மெண்டாக எழுதப் போகிறார். ‘எக்காலத்திலும் விற்கக் கூடாது’ என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதாதா? அறக்கட்டளை எதற்கு?
– வாசகர், இடையன்குடி

போதாது. இது பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. முழு உரிமையோடு சொத்தைக் கொடுத்துவிட்டு ‘விற்கவே கூடாது’ என்று கட்டினால், அந்தக் கட்டு செல்லாது. சொத்து மாற்றச் சட்டம் 10-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தானம் நிற்கும், தடை விழுந்துவிடும். நீங்கள் விற்கமாட்டீர்கள், நம்புகிறேன். உங்கள் பேரன் சென்னையிலோ துபாயிலோ இருப்பான், ஒரு புரோக்கர் போன் போடுவான். அப்பா எழுதிய வரியைக் காட்டி அவனை யாரும் நிறுத்த முடியாது.

நிலம் குடும்பத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும், ஆனால் தன்மை மாறக் கூடாது என்று நினைத்தால் வேறொரு வழி உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 36-சி என்று ஒரு பிரிவை 2002-இல் சேர்த்தார்கள். ஒரு சமூகமோ தனி ஆளோ தாமாக முன்வந்து உயிரினங்களையும் அவை வாழும் இடத்தையும் காத்துவந்தால், தனியார் நிலத்தையும் ‘சமூகக் காப்பகம்’ என்று மாநில அரசு அறிவிக்கலாம். சொத்து உங்களுடையதுதான். ஆனால் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டுமானால் நிர்வாகக் குழு தீர்மானம் போட வேண்டும், அதற்கு அரசின் ஒப்புதலும் வேண்டும். வெளிநாட்டில் நில உரிமையாளர் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிலத்தைத் தானே வைத்துக்கொள்வார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் சட்டத்தில் அதற்குக் கிட்டத்தில் வருவது இதுதான். அப்பா இருக்கும்போதே, அவர் கையெழுத்தோடு வனத்துறைக்கு மனுக் கொடுங்கள்.

டிரஸ்ட், பாதுகாப்பு என்று பேசுகிறீர்கள். நாளைக்கு வேலி போட்டு, ‘உள்ளே வராதே’ என்று போர்டு வைத்தால் நாங்கள் வலையை எங்கே காயப்போடுவது? படகை எங்கே ஏற்றுவது? கடற்கரையை மீனவனிடமிருந்து காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடா?
– வாசகர், உவரி

வந்த கடிதங்களிலேயே என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான் தம்பி. உங்கள் பயம் நியாயமானது. நான் நேராகச் சொல்கிறேன்: மீனவனை வெளியே தள்ளுகிற எந்த அறக்கட்டளையும் நம் கடற்கரையில் நிற்காது, நிற்கவும் கூடாது.

ஓர் அறக்கட்டளை வைத்திருக்கக் கூடியது பட்டா நிலத்தை மட்டும்தான். அலை அடிக்கிற மணல் பெரும்பாலும் புறம்போக்கு, அது அரசு நிலம். அதை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அங்கே உங்கள் ஊர் தலைமுறை தலைமுறையாகப் படகு ஏற்றுகிறது. மீனவ ஊர்களையும் அவர்களுடைய பொது இடங்களையும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊர் வரைபடத்தில் வலை காயப்போடும் இடமும் கருவாட்டுக் களமும் குறித்திருக்கிறதா என்று ஊர்க் கமிட்டி போய்ப் பார்க்கட்டும். இல்லையென்றால் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். என்னைக் கேட்டால் டிரஸ்ட் வைப்பதைவிட இது அவசரம்.

அப்புறம், கடற்கரையை இவ்வளவு நாள் காத்தது யார்? உங்கள் ஊர்ப் பக்கம் மணல்மேட்டில் ராவணன் மீசை வளர்ந்திருக்கும். முள்ளாகக் குத்துகிற அந்தப் புல்லில் பெரிய முள் உருண்டை காய்க்கும். காய்ந்ததும் காற்று அதைக் கழற்றி உருட்டிக்கொண்டே போகும். ஏதாவது ஒரு தடுப்பில் சிக்கி நின்றால் விதை விழுந்து முளைக்கும். முளைத்த புல் மணலைப் பிடிக்கும், பிடித்த மணலில் அடும்பங்கொடி ஏறும், கொஞ்சம் கொஞ்சமாக மேடு உயரும். ஒரு மேடு எழும்ப அத்தனை காலமாகிறது. அதை ஒரு பொக்லைன் ஒரே இரவில் சரித்துவிடும். மணலில் இருக்கிற கார்னெட், இல்மனைட் தாதுக்களுக்கு ஆசைப்பட்டு நம் கரையை எப்படிச் சுரண்டினார்கள் என்று கண்ணால் கண்டவர்கள் நீங்கள். 2013-இல் மாநில அரசு அதற்குத் தடை போட்டதற்குப் பின்னால், தெருவில் நின்று கத்திய கடற்கரை ஊர் ஆட்களின் குரல் இருக்கிறது. அந்தக் குரலை வெளியே நிறுத்திவிட்டு யாரை வைத்துக் காப்பது?

வெளிநாட்டு நில அறக்கட்டளைகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு நிலத்தையும் நடந்து பார்த்துப் பதிவு செய்கின்றன. நம்மிடம் அது வேறு பெயரில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாகச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறோமே, அன்றைக்குக் கோயிலைச் சுற்றியிருக்கிற காட்டில் ஒரு மரம் குறைந்திருந்தாலும் யாராவது ஒரு கிழவி கேட்பாள். சாஸ்தா காடுகள் பல இடங்களில் இன்றும் மிஞ்சியிருப்பதற்கு அந்தக் கேள்விதான் காரணம் என்று நான் நம்புகிறேன். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்திலும் அப்படித்தான். சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1994-இல். அதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாமல், மரத்திலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்து, பறவையைக் காத்துவந்தார்கள். பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். ஊருக்கும் பறவைக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது.

ஆகவே உவரிப் பக்கம் ஓர் அறக்கட்டளை வந்தால், அறங்காவலரில் பாதிக்குக் குறையாமல் உள்ளூர்க்காரர் இருக்க வேண்டும், அதில் மீனவப் பெண்களும் இருக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வலைக்கும் படகுக்கும் கருவாட்டுக்கும் உள்ள வழக்கத்தைச் சர்வே எண்ணோடு அதே பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆமை முட்டையிடும் தை, மாசியில் எந்த இடத்தில் விளக்குப் போடக் கூடாது, எந்த வழியாக டிராக்டர் போகலாம் என்பதை ஊர்க் கூட்டம் முடிவு செய்யட்டும். இதற்குச் சம்மதிக்காத டிரஸ்ட் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன்.

மணப்பாட்டில் எங்கள் தாத்தா காலத்து வீடு இருக்கிறது. ஆள் இல்லை. இதையும் அறக்கட்டளை எடுத்துக் காக்குமா?
– வாசகி, தூத்துக்குடி

எடுக்கலாம், ஆனால் வீடு நிலம் மாதிரி இல்லை. உப்புக்காற்றில் சுண்ணாம்புச் சுவருக்கு வருடா வருடம் செலவு உண்டு. பராமரிப்புக்கு ஒரு வருமானமும் சேர்த்துக் கொடுக்காமல் வீட்டை மட்டும் கொடுத்தால், அறக்கட்டளை சீக்கிரம் கைவிட்டுவிடும். 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் நிற்கிற ஊர் அது. குன்றும் கோயிலும் கடற்கழியும் வீதியும் சேர்ந்துதான் மணப்பாடு. முடிந்தால் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பேசுங்கள். பூச்சுக்குச் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புதான் பூச வேண்டும்.

நிலமும் இல்லை, பணமும் இல்லை. கல்லூரியில் படிக்கிறோம். எங்களால் என்ன ஆகும் அண்ணாச்சி?
– மாணவர்கள், பாளையங்கோட்டை

நிறைய ஆகும். மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையத்தினர் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். முதலில் அங்கே போய்ப் பழகுங்கள்.

பிறகு ஒரே ஒரு கடலோர ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். தலைவரிடம் போய் அதைக் காட்டச் சொல்லுங்கள். பெயருக்கு நாலு பக்கம் இருந்தால், மீனவர், பனையேறி, ஆடு மேய்ப்பவர் மூவரிடமும் உட்கார்ந்து கேட்டு நிரப்பிக் கொடுங்கள். கூடவே அந்தக் கிராமத்து ‘அ’ பதிவேட்டின் நகலுக்கு மனுப் போடுங்கள். எந்தச் சர்வே எண் புறம்போக்கு, எது தீர்வை ஏற்படாத தரிசு, எது பட்டா என்று அதில் தெரியும். மணல்மேடும் சுனையும் பழைய கல் கிடக்கிற இடமும் எந்த எண்ணில் வருகின்றன என்று புல வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் இந்த இதழின் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், நான் குறித்து அனுப்புகிறேன்.