நுண்புரதங்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். என் அம்மாவுக்கு 72 வயது. சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடியும் சாப்பாடு கேட்கிறார். சின்னஞ்சிறு புரதங்கள் மூளை நரம்புகள் அழிவதைத் தாமதப்படுத்தும், புற்றுநோயையும் அடக்கும் என்று ஒரு செய்தியில் படித்தேன். அதைக் காட்டி, உறவினர் ஒருவர் விலை உயர்ந்த புரதப் பொடி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்க வேண்டாம். நீங்கள் படித்த செய்தி பொய்யல்ல. ஆனால் அதற்கும் இந்தப் பொடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நம் உடலின் புரதங்கள் பெரும்பாலும் சில நூறு அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள். மரபணுக்களைப் பட்டியலிட்டவர்கள் நூறுக்கும் குறைந்த சங்கிலிகளைப் பொதுவாகக் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் ஊர்த் துறைமுகத்தில் பெரிய கண் வலையில் நெத்திலி தங்காதல்லவா, அப்படி இந்த நுண்புரதங்கள் நழுவிப் போயின. நழுவியவற்றில் ஒன்று ஹியூமானின். வெறும் 24 அமினோ அமிலங்கள். 2001இல் ஜப்பானில் நிஷிமோட்டோவின் குழு அதைக் கண்டெடுத்த விதம் எனக்கு இன்றும் வியப்பு. அல்சைமர் என்ற மறதிநோய் கண்ட ஒருவரின் மூளையில் அதிகம் சிதையாத பின்பகுதியில் தேடினார்கள். நோய் தின்ற இடத்தை விட்டுவிட்டு, நோய் விட்டுவைத்த இடம் எப்படிப் பிழைத்தது என்று கேட்டார்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த நரம்புச் செல்களை அல்சைமர் மூளையில் படியும் அமைலாய்டு என்ற புரதத்தின் நஞ்சிலிருந்து ஹியூமானின் காத்தது. எலிகளிலும் பலன் தெரிந்தது. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தூண்டும் பாக்ஸ் என்ற புரதத்தைப் பிடித்து நிறுத்துவது அது வேலை செய்யும் வழிகளில் ஒன்று.

இங்கேதான் நிதானம் வேண்டும். மறதிநோயில் சாகக்கூடாத செல் சாகிறது. புற்றுநோயில் சாக வேண்டிய செல் சாவதில்லை. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குத் தீனியாகலாம். எலிகளில் மார்பகப் புற்றுக்கட்டி வளர ஹியூமானின் உதவியதாகவே ஓர் ஆய்வு சொல்கிறது. புற்றை அடக்குபவை வேறு நுண்புரதங்கள். 53 அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்று பெருங்குடல் புற்றின் வளர்ச்சியைத் தடுப்பதாக 2017இல் கண்டார்கள். இரண்டையும் ஒரே பெயரில் முடிச்சுப் போட்டு, பயந்துபோன குடும்பங்களிடம் விற்பது அநியாயம்.

வாயால் உண்ட புரதத்தை வயிறும் குடலும் அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினை ஊசியாகப் போடுவது அதனால்தான்.

அம்மாவை அழைத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறுங்கள். கோரிமேட்டில் ஜிப்மரின் நரம்பியல் பிரிவு இருக்கிறது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அல்சைமர் என்றே தெரிந்தாலும் அறிகுறிகளைச் சில காலம் மட்டுப்படுத்தும் டோனிபெசில் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. அம்மா தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள், சில மாத்திரைகளே மறதியைக் கூட்டும்.

மறுபடியும் சாப்பாடு கேட்டால், சற்று முன்புதான் சாப்பிட்டதாக அவரிடம் வாதாட வேண்டாம். சர்க்கரை நோய் இல்லையென்றால் ஒரு வாழைப்பழம் கொடுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.