விமானியின் மனைவி – கடிதம்

அன்புள்ள சார்,

போர்க்கைதிகளைப் பற்றிய கட்டுரையில் ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்ற அமெரிக்க விமானியைப் பற்றி எழுதிவிட்டு, 'அவரைவிட அவர் மனைவி சிபில் எனக்கு முக்கியமானவர்' என்று ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். தேடிப் படித்தேன். எங்கு பார்த்தாலும் ஒரே பாட்டு: அர்ப்பணிப்புள்ள மனைவி, நான்கு பிள்ளைகளின் தாய், ஆசிரியை. நானும் ஆசிரியைதான். என் கணவரும் ராணுவத்தில்தான் இருக்கிறார். நாளைக்கு என்னையும் இந்த மூன்று பட்டங்களோடு முடித்துவிடுவார்கள் என்று நினைத்தாலே எரிச்சலாக இருக்கிறது. கணவர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததைத் தவிர இவர் என்னதான் செய்தார்?

இன்னொன்று. அவர் கணவர் வியட்நாம்மீது குண்டு வீசப் போனவர். அந்தக் குண்டு விழுந்த இடத்திலும் ஒரு மனைவி இருந்திருப்பாள். அவளை விட்டுவிட்டு இவருக்காக நாம் ஏன் உருக வேண்டும்? என் மாணவிகளிடம் சிபிலைப் பற்றிப் பேசலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் சொல்லாமல் சிபிலின் கதைக்குள் போனால் எதையோ மறைப்பதுபோல ஆகிவிடும்.

1964 ஆகஸ்ட் 4 இரவு, டோன்கின் வளைகுடாவில் தன் போர்க்கப்பல்களை வட வியட்நாம் படகுகள் தாக்கியதாக அமெரிக்கா அறிவித்தது. அதைக் காட்டித்தான் ஜனாதிபதி ஜான்சன் போர் நடத்த நாடாளுமன்றத்தின் ஒப்புதலை வாங்கினார். அந்த இரவில் அந்தக் கப்பல்களுக்கு மேலே பறந்துகொண்டிருந்தவர்களில் ஸ்டாக்டேலும் ஒருவர். எதிரிப் படகு ஒன்றைக்கூடத் தான் பார்க்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். ஆனால் மறுநாள் பதிலடி என்ற பெயரில் நடந்த விமானத் தாக்குதலில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கிப் போனவரும் அவர்தான். நடக்காத ஒன்றுக்குப் பதிலடி என்று தெரிந்தே போனார். ஆகவே உங்கள் கோபத்தில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றச் சொல்லமாட்டேன். சிபிலுக்காக உருகவும் வேண்டாம். உருகுவதற்காக நான் அவரைக் குறிப்பிடவும் இல்லை.

இனி முதல் கேள்வி.

1965 செப்டம்பர் 9 அன்று ஸ்டாக்டேலின் விமானம் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் கைதியானார். சிபிலுக்கு அப்போது நாற்பது வயது. கலிஃபோர்னியாவில் கொரோனாடோ என்ற கடற்படை ஊரில் நான்கு ஆண் பிள்ளைகளோடு இருந்தார். கடைக்குட்டிக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட இல்லை. திருமணத்துக்கு முன்பு ரிச்மண்டில் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தியவர், பிறகு ஸ்டான்ஃபோர்டில் கல்வியியலில் முதுகலையும் முடித்தவர். கணவருக்கு மாற்றல் வரும்போதெல்லாம் வீட்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவதும், போன இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கைதிகளின் குடும்பங்களுக்கு அரசு சொன்னது ஒன்றுதான்: வாயைத் திறக்காதீர்கள். பத்திரிகைக்காரர்களிடம் பேசக்கூடாது, அக்கம்பக்கத்தில் விவாதிக்கக்கூடாது. திரைமறைவில் பேச்சு நடக்கிறது, நீங்கள் பேசினால் உங்கள் கணவருக்குத்தான் ஆபத்து என்றார்கள். மனைவி எப்படி நடந்துகொள்கிறாள் என்பது கணவனின் பதவி உயர்வையும் பாதிக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. மேலிடத்து உத்தரவு சம்பளம் வாங்காத மனைவிக்கும் சேர்த்துத்தான் என்பது எழுதப்படாத சட்டம். பெரும்பாலான பெண்கள் கட்டுப்பட்டார்கள். சிபிலும் ஏறக்குறைய மூன்று வருடம் கட்டுப்பட்டார்.

ஆனால் அந்த மூன்று வருடமும் அவர் சும்மா இருக்கவில்லை. நீங்கள் படித்த குறிப்புகள் விட்டுவிட்ட பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

1966இல் கணவரிடமிருந்து கடிதம் வந்தது. அதன் நகல்களைக் கடற்படை உளவுத்துறையில் ஓர் அதிகாரியிடம் சிபில் காட்டினார். அவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: இனி நீங்கள் எழுதும் கடிதங்கள் வழியாக நாங்கள் ரகசியச் செய்தி அனுப்பலாமா? கண்டுபிடிக்கப்பட்டால் உங்கள் கணவரை உளவாளி என்று தண்டிப்பார்கள் என்பதையும் சொன்னார்கள். கணவரிடம் கேட்க வழியில்லை. அவர் உயிரைப் பணயம் வைக்கும் முடிவை இவர் தனியாக எடுக்க வேண்டும். யோசித்து, சரி என்றார்.

அப்புறம் ஒரு சாதாரணக் குடும்பக் கடிதம் போனது. உள்ளே ஒரு புகைப்படம், கடலில் நிற்கும் ஒரு வயதான பெண். உங்கள் அம்மா வந்திருந்தார், தண்ணீரில் நன்றாக ஊறிக் குளிக்க ஆசைப்பட்டார் என்கிற மாதிரி ஒரு வரி. வட வியட்நாமின் தலைநகரான ஹனோயில், சிறைக்குள் ஸ்டாக்டேல் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தில் இருப்பது தன் அம்மாவே இல்லை. இந்தப் பெண்ணை எதற்கு அனுப்பியிருக்கிறாள்? 'ஊற' என்ற குறிப்பு கடைசியில் பிடிபட்டது. படத்தைச் சிறுநீரில் ஊறப்போட்டார். எழுத்து தெரிந்தது. கூட வந்த கடிதத்தாளே கண்ணுக்குத் தெரியாத கார்பன் தாள், அதை வைத்துப் பதில் எழுதலாம் என்று அதில் இருந்தது. உடனிருந்த கைதிகளின் பெயர்கள், விலங்குகள், சித்திரவதை எல்லாம் அந்த வழியாக வெளியே வந்தன.

இதில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது அடுத்த கட்டம். சித்திரவதை நடக்கிறது என்று 1967இல் சிபிலுக்குத் தெரியும், அவருடைய அரசுக்கும் தெரியும். ஆனாலும் பேசாதே என்ற உத்தரவு மாறவில்லை. தெரிந்ததைச் சொல்லவும் முடியாது, சொன்னால் எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வரும். தெரிந்த வழி வெளிப்பட்டால் கணவர் தொலைந்தார். வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு முன்னால் ஒன்றும் நடக்காதது மாதிரி நடமாட வேண்டும்.

அவர் கண்டுபிடித்த வழி எனக்கு ஓர் ஆசிரியையின் வழியாகவே தெரிகிறது. போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஜெனீவா ஒப்பந்தத்தை எடுத்துவைத்துப் படித்தார். வட வியட்நாம் 1957இலேயே அதை ஏற்றுக்கொண்ட நாடு. போர் அறிவிக்கப்படவில்லை, ஆகவே இவர்கள் போர்க்கைதிகள் இல்லை, குற்றவாளிகள் என்பது ஹனோயின் வாதம். சரி, கைதிகளின் பட்டியலைத் தந்தீர்களா, கடிதப் போக்குவரத்தை ஒழுங்காக அனுமதிக்கிறீர்களா என்று பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் ரகசியம் எதையும் உடைக்க வேண்டியதில்லை. 1968 அக்டோபரில் உள்ளூர் செய்தித்தாளில் பெயரோடு பேசினார். அதற்கு முன்பே சுற்றுவட்டாரத்தில் இருந்த கைதிகளின் மனைவிகளைத் தன் வீட்டில் கூட்டத் தொடங்கியிருந்தார். தனித்தனியாக வாயைப் பொத்திக்கொண்டிருந்த பெண்கள், ஒருவருக்கொருவர் விலாசம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கணவரின் கையெழுத்து இல்லாமல் வீட்டை விற்க முடியாது, கடன் வாங்க முடியாது என்ற பிரச்சினைகளும் அங்கேதான் வெளியே வந்தன.

ஜான்சனுக்கு அடுத்து நிக்சன் ஜனாதிபதியாகப் பதவியேற்ற 1969 ஜனவரியில் வெள்ளை மாளிகைக்குத் தந்திகள் குவியும்படி செய்தார்கள். அந்த மே மாதம் பாதுகாப்புத் துறையே மௌனக் கொள்கையைக் கைவிட்டது. அக்டோபரில் சிபில் ஒரு சிறு குழுவோடு பாரிஸுக்குப் போய், வட வியட்நாம் பிரதிநிதிகளுக்கு எதிரே உட்கார்ந்து விவரம் கேட்டார். 1970 மே மாதம் இந்தக் குடும்பங்களின் தேசிய அமைப்பு முறைப்படி பதிவானது. அந்தச் சமயத்தில் கைதிகளின் நிலைமையும் மாறத் தொடங்கியது. 1969 செப்டம்பரில் வட வியட்நாமின் தலைவர் ஹோ சி மின் இறந்ததும் ஒரு காரணம், இந்தப் பெண்கள் விஷயத்தை ஊரறியச் செய்ததும் ஒரு காரணம் என்கிறார்கள். முழுப் புகழையும் சிபிலுக்குக் கொடுக்க நான் தயாரில்லை. இன்னும் ஒன்று, இந்தக் குடும்பங்களின் துயரத்தை நிக்சன் அரசு தன் போருக்கு நியாயம் கற்பிக்க நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. கைதிகளுக்காகத்தான் போரே நடக்கிறது என்ற தோற்றம்கூட ஒரு கட்டத்தில் உண்டானது. சிபிலின் கதையில் எனக்கு ஒட்டாத இடம் இது.

ஸ்டாக்டேல் 1973 பிப்ரவரி 12 அன்று விடுதலையானார். ஏழரை வருடத்தில் நான்கு வருடத்துக்கும் மேல் தனிச்சிறை. கணவனும் மனைவியும் அத்தியாயம் மாற்றி அத்தியாயம் எழுதிய சுயசரிதை 1984இல் வந்தது. ஸ்டாக்டேலின் அத்தியாயங்களில் வீரம் இருக்கிறது. ஆனால் அடுத்து என்ன நடக்குமோ என்று நான் பக்கம் புரட்டியது சிபிலின் அத்தியாயங்களில்தான். சிபில் 2015இல் கொரோனாடோவிலேயே இறந்தார், தொண்ணூறு வயதில்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததும் உண்மைதான், ஆர். அந்த நேரத்தில் ஓர் அமைப்பைக் கட்டினார், உளவுத்துறைக்கு வேலை செய்தார், தன் அரசின் உத்தரவை மீறினார். நீங்கள் பார்த்த மூன்று பட்டங்களில் இதற்கெல்லாம் இடமில்லை, அதுதான் உங்கள் எரிச்சலுக்கும் காரணம் என்று நினைக்கிறேன்.

மாணவிகளிடம் தாராளமாகப் பேசுங்கள். ஆனால் டோன்கின் வளைகுடாவிலிருந்து தொடங்குங்கள். ஸ்டாக்டேல் அடைபட்டிருந்த ஹோவா லோ சிறையைப் பற்றியும் சொல்லுங்கள். அதைக் கட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், வியட்நாமிய அரசியல் கைதிகளை அடைப்பதற்காக. அந்தக் கைதிகளுக்கும் மனைவிகள் இருந்தார்கள். பாரிஸுக்குப் போய் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க அவர்களில் எத்தனை பேரால் முடிந்திருக்கும் என்று வகுப்பில் யாராவது ஒருத்தி நிச்சயம் கேட்பாள். கேட்டால் அந்தப் பாடவேளை முழுவதையும் அவளிடமே விட்டுவிடுங்கள்.