எந்த நாட்டு ஏ.கே. நல்லது? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் தம்பி ஹூஸ்டனில் கிரீன் கார்டோடு இருக்கிறான். முதல்முறையாக ஒரு ஏ.கே. (கலாஷ்னிகோவ்) வகை ரைஃபிள் வாங்கப் போகிறானாம். செர்பியா, ரோமானியா, பல்கேரியா, போலந்து என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை வாங்கச் சொல்லலாம்?
– நங்கநல்லூர் வாசகர்

பதில்: முதலில் நாட்டின் பெயரை மறந்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன நான்கு நாட்டு ஆலைகளுமே ராணுவத்துக்குச் செய்து பழகியவை. பார்க்க வேண்டியது முன் டிரன்னியன், குழலின் உட்பக்கம், மேகசின் (தோட்டாப் பெட்டி) உட்காரும் விதம்.

டிரன்னியன் என்பது குழலைச் செருகி, பின் அடித்து நிறுத்தியிருக்கும் எஃகுக் கட்டி. ஒவ்வொரு முறை சுடும்போதும் போல்ட்டின் (குழலின் பின்வாயை அடைக்கும் எஃகுக் கட்டை) இரண்டு காதுகளும் இதில்தான் முட்டி நிற்கின்றன. இது அடித்து உருவாக்கிய எஃகாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலேயே மலிவாகச் செய்து விற்ற சில ஏ.கே.க்களில் வார்ப்பு டிரன்னியன் வைத்தார்கள். சில நூறு தோட்டாக்களிலேயே காது முட்டும் இடம் நசுங்கத் தொடங்கியது. அங்கே நசுங்கினால் ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டுக்கும் அறையில் உட்கார்ந்த தோட்டாவுக்கும் உள்ள இடைவெளி, கூடும். தோட்டா உறைக்குப் பின்பக்கத் தாங்கல் போய், ஒருநாள் உறை கிழிந்து சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். விலை குறைவு என்பதற்காக இந்த விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம்.

இனி நாடுகள். செர்பியாவில் கிராகுயெவாட்ஸ் நகரின் ஜஸ்தாவா ஆலை செய்யும் எம்70 வகையே எங்கள் முதல் தேர்வு. ஏ.கே.எம். என்ற வழக்கமான ஏ.கே. வடிவத்தில் ரிசீவர் (போல்ட் ஓடும் உடல் கூடு) 1 மி.மீ. தகடு, இதில் 1.5 மி.மீ. முன் டிரன்னியனும் ஆர்.பி.கே. இயந்திரத் துப்பாக்கியில் இருப்பதுபோல் புடைத்த கனமான வகை. சுமார் 3.6 கிலோ எடை இருப்பதால் தோளில் உதை குறைவாகத் தெரியும். இரண்டு குறைகள் உண்டு. பழைய யூகோஸ்லாவிய ராணுவ எம்70 குழல்களுக்கு உள்ளே துருவைத் தடுக்கும் குரோம் பூச்சு கிடையாது. இப்போது இறக்குமதியாகும் புதியவற்றுக்கு உண்டு. ஆகவே பழையதா புதியதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. அடுத்தது, கைப்பிடி மரமும் பின்கட்டையும் யூகோ அளவில்தான் பொருந்தும். ஏ.கே.எம்.முக்கு வாங்கியது இதில் ஏறாது.

ரோமானியாவின் கூஜீர் ஆலையிலிருந்து வரும் வாஸர்-10 பார்க்க அழகாக இருக்காது, உழைக்கும். குழலுக்குக் குரோம் பூச்சு உண்டு. அமெரிக்க இறக்குமதி விதிகளுக்காக அது ஒற்றை வரிசை மேகசினுக்கான குறுகிய வாயோடு போய்ச் சேர்ந்தது. அங்கே போன பிறகுதான் வாயை அகலமாக்கினார்கள். ஏ.கே.எம். ரிசீவரில் மேகசினுக்கு மேலே இரு பக்கமும் உள்ளே குழிந்த ஒரு தடம் இருக்கும். மேகசின் ஆடாமல் பிடிப்பது அதுதான். வாஸரில் அது இல்லாததால் மேகசின் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். அதனால் கெடுதல் இல்லை. முன்பின்னாக ஆடினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பல்கேரியாவின் அர்செனல், கசன்லிக் நகரில், முழு எஃகுக் கட்டியைக் கடைந்து ரிசீவர் செய்கிறது. வேலைப்பாடு அருமை. ஆனால் விலை வாஸரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. முதல் துப்பாக்கிக்கு அந்தப் பணத்தில் பாதியைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குவதே புத்திசாலித்தனம். போலந்தின் ரகங்கள் இவற்றுக்கு நடுவில் நிற்கின்றன. ஏ.கே.எம். அளவு, நேர்த்தியான முடிப்பு. ஜஸ்தாவா கிடைக்காவிட்டால் அதை வாங்கலாம்.

கேள்வி: கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?
– அதே வாசகர்

பதில்: மேகசினை முதலில் கழற்ற வேண்டும். அதன்பிறகு போல்ட்டை இழுத்து, அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கையில் போல்ட்டை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா அறைக்குப் போய்விடும்.

பிறகு பின்புறமிருந்து பேக்சைட் (பின் குறி) வழியே ஃபோர்சைட்டை (முன் குறி) பார்க்கட்டும். ஃபோர்சைட்டின் இரண்டு காதுகளும் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் குறி சரிசெய்ய, ஃபோர்சைட் முள்ளைத் தாங்கும் சிறு உருளையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டிவரும். அதற்கும் எல்லை உண்டு. ஏ.கே.எம்.மில் உருளை 1 மி.மீ. நகர்ந்தால் 100 மீட்டரில் குண்டு விழும் இடம் 26 செ.மீ. நகரும், முள்ளை ஒரு முழுச் சுற்று திருகினால் மேல்-கீழ் 20 செ.மீ. மாறும். உருளை ஏற்கெனவே ஓரத்தில் ஒட்டியிருந்தால் அந்தத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடலாம்.

ரிவெட் தலைகள் தகட்டோடு படிந்திருக்க வேண்டும். நகம் நுழையும் இடைவெளி தெரிந்தால் வேண்டாம். மேகசினை முன்கொக்கியை முதலில் மாட்டி, பின்னால் சாய்த்து 'டக்' என்று ஒலிக்கும்வரை தள்ள வேண்டும். நேராகக் குத்தினால் ஏறாது. ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். வாங்கிய பின் 500 தோட்டா சுட்டதும் டிரன்னியனில் காது முட்டும் இடத்தைத் துடைத்து, விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். பளபளப்பு வரும், அது இயல்பு. விளிம்பு புடைத்து மடிந்திருந்தால் சுடுவதை நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் துருப்பிடிக்கும் என்கிறார்களே?
– வேளச்சேரி வாசகர்

பதில்: உண்மைதான். பழைய யூகோஸ்லாவிய, சீனத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) பொட்டாசியம் குளோரேட் உண்டு. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாகிறது, அதாவது ஒரு வகை உப்பு. பெசன்ட் நகர் ஜன்னல் கம்பியை உப்புக் காற்று தின்பதுபோல, இந்த உப்பும் ஈரத்தை இழுத்துக் குழலைத் தின்னும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு கரையாது. சுட்ட அன்றே கொதிக்கும் தண்ணீரைக் குழல், வாயுக் குழாய், பிஸ்டன், போல்ட் முகம் எல்லாவற்றிலும் ஊற்றி, நன்றாக உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய் பூச வேண்டும். பலர் குழலைக் கழுவிவிட்டு பிஸ்டனை மறந்துவிடுகிறார்கள். அங்கேயும் துரு ஏறும்.

கேள்வி: என் மகன் எச்-1பி விசாவில் டல்லஸில் வேலை பார்க்கிறான். அவனும் வாங்கலாமா?
– அண்ணா நகர் வாசகி

பதில்: பொதுவாக முடியாது, அம்மா. குடியேறா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ஒரு மாநிலம் கொடுத்த, நடப்பில் உள்ள வேட்டை உரிமம் இருப்பது முக்கியமான விதிவிலக்கு. நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களம்) கையில் வாங்குவதும் 'வைத்திருப்பது' என்று கொள்ளப்படலாம். வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் பொய் எழுதினால் குற்றம், விசாவும் போகலாம். கிரீன் கார்டு கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம். கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் ஏ.கே. வகைக்குத் தனித் தடைகளும் உள்ளன.

கேள்வி: சென்னையில் உரிமம் எடுத்து ஏ.கே. வைத்துக்கொள்ள வழி உண்டா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின்படி தானாகத் தொடர்ந்து சுடுவது தடைசெய்யப்பட்ட ஆயுதம். ஒவ்வொன்றாகச் சுடும் மாதிரியாக இருந்தாலும் 7.62 ராணுவக் குழலளவு தடைப்பட்டியலில்தான் வரும். 2019 திருத்தத்துக்குப் பின் தடைசெய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு. சுடும் கலையில் ஆர்வம் என்றால் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள் இருக்கிறது. 2016 விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் போகாத 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. எழும்பூரிலுள்ள சென்னை ரைஃபிள் கிளப் போன்ற இடத்தில் பயிற்சியாளரிடம் தொடங்குங்கள். மூச்சை அடக்குவது, விசையை நோகாமல் அழுத்துவது எல்லாம் அங்கே கற்றாலும் அதே பாடம்தான்.

கேள்வி: திருச்சியில் ஏ.கே. செய்கிறார்களாமே?
– தாம்பரம் வாசகர்

பதில்: திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' 7.62×39 தோட்டாவில் சுடும் ஏ.கே. அமைப்புதான். படைகளுக்கு மட்டும். அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாராகும் ஏ.கே.-203 வேறு. அதன் மேல்மூடி கீல் வைத்து இறுகப் பூட்டுகிறது. பழைய ஏ.கே.எம்.மின் மூடி தளர்வானது. அதன்மேல் தொலைநோக்கி பொருத்தினால் குறி நிற்காது. 2021 டிசம்பரில் 6,01,427 ஏ.கே.-203 ரைஃபிள்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது.

கேள்வி: அமெரிக்காவில் ரேஞ்சுக்குப் போய் வருபவர் நினைவாக ஒரு தோட்டா கொண்டுவரலாமா?
– நங்கநல்லூர் வாசகர்

பதில்: கூடவே கூடாது. மீனம்பாக்கத்தில் ஸ்கேனரில் ஒரே ஒரு தோட்டா தெரிந்தாலும் ஆயுதச் சட்ட வழக்கு வரும். தெரியாமல் பையில் கிடந்தது என்பதை நீதிமன்றங்கள் ஏற்ற வழக்குகள் உண்டு. ஆனால் அதற்குள் விமானமும் போய்விடும், மாதக்கணக்கில் அலைச்சலும் மிஞ்சும். வெறும் உறைகூட வேண்டாம். ரேஞ்சுக்குத் தனிப் பை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு ஜாக்கெட் பைகளையும் பெட்டியின் உள்மடிப்புகளையும் தலைகீழாக உதறிப் பார்க்கச் சொல்லுங்கள்.