அம்மா ஏன் அழவில்லை?

கேள்வி: எனக்கு 34 வயது. போன வாரம் அம்மாவுடன் ஓர் அம்மா-மகள் படம் பார்த்தேன். பாதியில் தொடங்கிய அழுகை வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. அம்மா கண்கூடக் கலங்கவில்லை. "நல்லாத்தான் எடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எட்டு மாதத்துக்கு முன் பாட்டி இறந்தபோதும் இப்படித்தான் இருந்தார். சின்ன வயதிலிருந்து மனதில் கிடப்பதையெல்லாம் கேட்டுவிடலாமா என்று இருக்கிறது. 'தாய்க் காயம்' (சின்ன வயதில் அம்மாவால் மனதில் பட்ட வலி) ஆற்றும் ஆன்லைன் வகுப்பில் சேரச் சொல்கிறாள் தோழி. சேரலாமா?

பதில்: சேராதீர்கள். 'தாய்க் காயம்' என்று எந்த மருத்துவக் கையேட்டிலும் நோய் கிடையாது. அப்படிப்பட்ட வகுப்புகளில் பணத்தை விட்டவர்கள் என்னிடம் வந்து சொன்ன கதைகள் எல்லாம் ஒரே மாதிரி. முதல் நாள் இலவசம். எல்லோரையும் அழவைப்பார்கள். அழுதீர்களே, அதுவே காயம் இருப்பதற்குச் சாட்சி என்பார்கள். கண்ணீர் காய்வதற்குள், இன்று இரவே கட்டினால் பாதிக் கட்டணம் என்று செய்தி வரும். அழுதுகொண்டிருப்பவரிடம் பணம் கேட்பது அக்கிரமம். பல நாடுகளில் 'ஆலோசகர்' என்று யார் வேண்டுமானாலும் பெயரோடு போட்டுக்கொள்ளலாம். பெட்டிக்கடைக்குக்கூட உரிமம் கேட்கிற அரசுகள், மனிதர்களின் மனதில் கைவைப்பவரிடம் எதுவும் கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள்: என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்? பதில் சுற்றி வளைத்து வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் அழுகைக்கு வருவோம். அதில் கோளாறு எதுவும் இல்லை. படம் எடுப்பவர்கள் முகத்தை அருகில் காட்டி, பேச்சைக் குறைத்து, இசையைக் கொஞ்சம் பொறுத்து விடுவார்கள். யாருக்கும் தொண்டை அடைக்கும். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சோகப் படம் பார்த்து அழுதவர்களின் மனநிலை உடனே கீழே இறங்கியது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடம் கழித்து, படம் பார்ப்பதற்கு முன் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அதனால்தான் படம் முடிந்த கையோடு பழங்கணக்கு பேசாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

அம்மா அழாததற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் 1997இல் வெளியிட்டது. 180 இளம்பெண்களுக்குப் படக் காட்சிகளைக் காட்டி, ஒரு பகுதியினரை மட்டும் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கச் சொன்னார்கள். முகம் அடங்கியது, சோகம் குறையவில்லை. உடம்பு இன்னும் அதிகமாகப் பரபரத்தது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பாட்டியைப் பற்றிய அந்த ஒரு வரி. நீங்கள் அந்தப் படத்தை மகளாக உட்கார்ந்து பார்த்தீர்கள். பக்கத்து இருக்கையில் அம்மாவும் ஒரு மகளாகத்தான் உட்கார்ந்திருந்தார், அதுவும் எட்டு மாதத்துக்கு முன் தாயை இழந்த மகளாக. மற்றவர்களுக்குச் சொல்கிற எதுவும் இவருக்குப் பொருந்தாது. துக்கத்தில் இருப்பவர் பொது இடத்தில் அழாமல் இருந்தால், ஆரம்பித்தால் நிறுத்த முடியாதோ என்ற பயம் உள்ளே இருக்கலாம். எட்டு மாதம் நீண்ட காலமும் அல்ல. தீராத துக்கத்தை நோய் என்று சொல்ல உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் குறைந்தது 6 மாதம் என்கிறது, அமெரிக்க மனநலக் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குழம்புவது வீட்டில் இருப்பவர்கள்தான். மாதத்தை எண்ணாதீர்கள். சாப்பாடு, தூக்கம், அன்றாட வேலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அவை நின்றுபோயிருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அப்படி இல்லையென்றால் உங்கள் கேள்விகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அவை நியாயமானவை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் படத்தைச் சாட்சியாக வைத்துக் கேட்காதீர்கள். திரையில் அந்த அம்மா பேசியதை ஒருவர் எழுதிக் கொடுத்தார். உங்கள் அம்மாவுக்கு யாரும் எழுதித் தரவில்லை.

துணி மடிக்கும்போதோ சேர்ந்து நடக்கும்போதோ, முகத்தைப் பார்க்காமல், "அந்தப் படம் பாட்டிக்குப் பிடிச்சிருக்குமாம்மா?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு வார்த்தையில் பதில் வந்தால் அன்றைக்கு அது போதும். அடுத்த பேச்சை அவரே எடுக்க இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம்.