ஆறாவது அறிவு யாருக்கெல்லாம்?

கேள்வி: எங்கள் பாடசாலையில் விவாதப் போட்டி நடக்கப்போகிறது. "அறிவுள்ள மற்ற விலங்குகளைவிட மனிதனே உயர்ந்தவன்" என்பது தலைப்பு. மனிதனுக்கு மட்டும்தான் ஆறறிவு, தொல்காப்பியமே சொல்லிவிட்டது, பிறகு என்ன விவாதம் என்று தோழி ஒருத்தி கேட்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள் சேர்?
- உயர்தர மாணவி, கரவெட்டி

பதில்: பிள்ளை, உமது தோழியை இன்னும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லும். "மக்கள் தாமே ஆறறி வுயிரே" என்று தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதியில் இருப்பது உண்மை. அதே மூச்சில் "பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே", அதாவது அந்த வகையில் வேறு உயிர்களும் உண்டு என்றும் இருக்கிறது. தொல்காப்பியத்துக்குப் பழைய உரை எழுதிய இளம்பூரணரின் உரையோடு உள்ள பதிப்பை எடுத்தால், "ஒருசார் விலங்கும் உளவென மொழிப" என்ற வரியும் வரும். விலங்குகளிலும் ஒரு பகுதி ஆறறிவு உடையது என்று பொருள் சொல்லி, கிளி, குரங்கு, யானை என்று அவர் பெயரும் குறிப்பிடுகிறார். பாதி வரியைப் பிடித்துக்கொண்டுதான் நாம் இத்தனை காலம் மார்தட்டியிருக்கிறோம்.

முப்பத்தொரு வருடம் விலங்கியல் படிப்பித்தவன் நான். ஆனால் எனக்கு முதற்பாடம் எடுத்தது கொக்குவிலில் எங்கள் வளவு வேம்பில் இருந்த காகம். பன்னிரண்டு வயதில் கொக்கத்தடியால் அதன் கூட்டைத் தட்டி விழுத்தினேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக ஐந்து பேர் படலையைத் திறந்து வெளியே வந்தோம். ஐந்து பேருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை. காகம் என் தலையில் மட்டும் கொத்தியது. சனிக்கிழமை விரதத்துக்கு ஆச்சி சோறு வைத்துக் கூப்பிட்டால் வந்து தின்னும். நான் வைத்தால் கிட்டவும் வராது. மாதக்கணக்கில் இப்படித்தான் போனது.

அது என் கற்பனை இல்லை என்று தெரிய நெடுங்காலம் எடுத்தது. அமெரிக்காவின் சியாற்றில் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜோன் மார்ஸ்லவ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2006இல் ஒரு முகமூடியை அணிந்துகொண்டு சில காகங்களைப் பிடித்து, அடையாள வளையம் இட்டு விட்டார்கள். அதன்பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. இது வருடக்கணக்கில் தொடர்ந்தது. பிடிபடாத காகங்களும் மற்றவற்றைப் பார்த்து அந்த முகத்தைப் பழகிக்கொண்டன.

அதே காகம் குயிற்குஞ்சுக்குத் தன் குஞ்சென்று நினைத்து இரை ஊட்டும். ஆகவே அறிவை ஒரு ஏணி மாதிரி நினைக்காதேயும். எங்கே தேவை வந்ததோ அங்கே கூர்மையாகியிருக்கிறது. சிம்பன்சியும் நாமும் சுமார் 60, 70 லட்சம் வருடங்களுக்கு முன் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவர்கள். அது பாதி வழியில் நின்றுபோன மனிதன் அல்ல. நமக்குக் கிடைத்த அதே காலம் அதற்கும் கிடைத்து, தன் காட்டுக்கு ஏற்றபடி மாறியே வந்தது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் அயுமு என்றொரு இளம் சிம்பன்சி இருந்தது. ஒன்றிலிருந்து ஒன்பது வரையான எண்களில் ஐந்தைத் திரையில் சிதறலாகக் காட்டி, கண் இமைக்கும் நேரத்தில் மறைத்துவிட்டாலும், அவை இருந்த இடங்களை வரிசையாகத் தொட்டுக் காட்டும். 2007இல் வெளியான அந்த ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்கள் அதனிடம் தோற்றார்கள்.

சரி, மனிதனிடம் தனியாக எதுவுமே இல்லையா என்று எதிரணி கேட்கும். நாளையை நினைப்பது என்று சொல்லலாமா? அதுவும் முழுக்க நமக்குச் சொந்தமில்லை. ஸ்க்ரப் ஜே என்ற, காகக் குடும்பத்துப் பறவை, மறுநாள் காலையில் எந்த அறையில் உணவு கிடைக்காதோ அங்கே முதல்நாளே ஒளித்து வைத்ததைக் கேம்பிரிட்ஜில் பார்த்தார்கள். ஆனால் அது தன் வயிற்றுக்காக வைத்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நல்ல மழை. நான் சைக்கிளில் மூட்டை கட்டி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கையில் நிற்கிறேன், அம்மாவைக் காணவில்லை. திரும்பி ஓடிப் போனால், கறவை மாட்டையும் கன்றையும் அவிழ்த்துவிட்டு, மாட்டுக்கொட்டிலுக்குள் புண்ணாக்குச் சாக்கைக் கிழித்துக் கொட்டிக்கொண்டிருந்தா. "பத்து நாளைக்குக் காணும்" என்றா. அதோடு விடவில்லை. ஏற்கெனவே வெளிக்கிட்டுப் போய்விட்ட இரண்டு வீடுகளுக்குள்ளும் போய்க் கோழிக்கூட்டைத் திறந்து, ஆடுகளின் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் வந்தா. அதில் ஒரு வீட்டுக்காரரோடு வேலிச் சண்டையில் நாலு வருடமாக எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. 1996 மே மாதம் திரும்பி வந்தபோது எங்கள் மாடு இல்லை. அந்த வீட்டு ஆடு இரண்டு குட்டிகளோடு எங்கள் குசினிக்குள் படுத்திருந்தது.

வேறொரு இனத்து உயிரின் பத்தாம் நாள் பசியை முன்கூட்டியே நினைத்துச் சாக்கைக் கிழித்த விலங்கு வேறு ஒன்றை நான் கண்டதும் இல்லை, படித்ததும் இல்லை. அதேநேரம், அந்த இரவை உண்டாக்கியதும் முன்கூட்டி நினைக்கும் அந்த மூளைதான், பிள்ளை. வரைபடத்தில் கோடு கீறி, எந்த ஊரை எந்த நாளில் பிடிப்பது என்று கணக்குப் போட ஒரு சிம்பன்சியால் முடியாது. "உயர்ந்தவன்" என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ள மாட்டாதது இதனால்தான். நீர் தலைப்பை மறுக்கும் அணியில் பேசும். முதலில் அந்த இளம்பூரணர் உரையை நூலகத்தில் எடுத்து, வரியைப் பார்த்து எழுதிக்கொண்டு போம்.

கேள்வி: விலங்குகளின் அறிவைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள். அப்படியென்றால் கூழுக்குள் கணவாய் போடலாமா, கூடாதா?
- வாசகர், குருநகர்

பதில்: கடலை நம்பி வாழும் ஊர்க்காரருக்குக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை ஐயா. கையில் கிடைக்கும் சாதாரண இரையைத் தொடாமல், பிடித்த இறாலுக்காக இரண்டு நிமிடம் வரை ஓட்டுக்கணவாய் காத்திருந்ததை 2021இல் ஒரு ஆய்வு காட்டியது. அதைப் படித்த பிறகு நான் கணவாய் வாங்குவதில்லை. வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். கணவாய், நண்டு, இறால் எல்லாம் வலியை உணரும் உயிர்கள் என்று 2022இல் பிரித்தானியா சட்டத்திலேயே ஏற்றுக்கொண்டது. உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: நண்டை உயிரோடு கொதிதண்ணீரில் போடாதீர்கள். நொறுக்கிய ஐஸும் உப்புத்தண்ணீரும் கலந்து இருபது நிமிடமாவது அதற்குள் வைத்து, அசைவு முற்றாக நின்ற பிறகு வெட்டுங்கள்.