கபால் கலங்கினால்: ஹஸ்கல் கேள்வி-பதில்

சனிக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலை உவர்மலையில் நாலைந்து பேருக்கு ஹஸ்கல் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். மொனாட் என்றால் என்ன என்று கேட்டுத்தான் வருவார்கள் என்று நினைத்தேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. வந்ததெல்லாம் "பில்ட் ஆகுதில்லை அண்ணா" ரகக் கேள்விகள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஹஸ்கல் குறியீட்டை ஓடக்கூடியதாக மாற்றும் கொம்பைலர் ஜி.எச்.சி. பிறர் எழுதிய நூலகங்களை, அதாவது பொதிகளை, இறக்கி அவற்றோடு நம் குறியீட்டையும் கட்டித் தருகிற கருவிகள் கபாலும் ஸ்டாக்கும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

உபுண்டுவில் ஆப்ட் மூலம் ஜி.எச்.சி போட்டேன். புதுப் பாடங்களில் உள்ள பாதி ஓடுதில்லை. இனிக் கபால் பழகுவதா, ஸ்டாக் பழகுவதா? (கிண்ணியா மாணவர்)

முதலில் போட்டதைக் கழற்றுங்கள் தம்பி. உபுண்டு 22.04 தருகிற ஜி.எச்.சி 8.8.4 பழசு, புதிய பொதிகள் பல அதை ஏற்பதில்லை. ஜி.எச்.சி-அப் என்ற நிறுவியைப் போடுங்கள். கொம்பைலர், கபால், ஸ்டாக், எடிட்டருக்கு வேண்டிய எச்.எல்.எஸ் நாலையும் அதுவே கொண்டுவரும். 'ஜி.எச்.சி-அப் டியுஐ' என்று தட்டினால் பட்டியல் விரியும். அதில் 'ரெக்கமெண்டட்' என்று குறித்திருப்பதை எடுங்கள். ஆகப் புதியதை எடுத்தால் பொதிகள் இன்னும் அதற்குத் தயாராகியிருக்காது.

கபாலா ஸ்டாக்கா என்ற சண்டை பழைய சண்டை. ஒரு காலத்தில் கபால் எல்லாப் பொதிகளையும் ஒரே இடத்தில் கொட்டும். ஒன்றைப் போட்டால் இன்னொன்று உடையும். அந்த எரிச்சல் உச்சத்தில் இருந்தபோதுதான், 2015இல், ஸ்டாக் வந்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று சோதித்த பொதிகளை ஸ்டாக்கேஜ் ஒரு தொகுப்பாகக் கட்டித் தருகிறது. ஸ்டாக் அதிலிருந்து எடுக்கிறது. 2019இல் வந்த கபால் 3.0 பழைய கொட்டுகிற முறையை விட்டுவிட்டது. இப்போது இரண்டும் நல்லவைதான். நான் கபால்காரன். ஆனால் சேரப்போகும் புரொஜெக்டில் ஸ்டாக்.யாமல் என்ற பைல் இருந்தால் பேசாமல் ஸ்டாக் பாவியுங்கள். ஒரே புரொஜெக்டை ஒரு நாள் இதிலும் மறுநாள் அதிலும் கட்டினால் இரண்டும் தனித்தனியாகப் பொதிகளைச் சேர்க்கும், டிஸ்க்தான் நிறையும்.

"குட் நொட் ரிசோல்வ் டிபென்டன்சீஸ்" என்று ஒரு பக்கம் முழுக்கக் கொட்டுகிறது. எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. (உப்புவெளி வாசகி)

தங்கச்சி அனுப்பிய படத்தில் எனக்குத் தேவைப்பட்டது ஒரு வரிதான். 'ரிஜெக்டிங்: பேஸ்-4.18' என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் 'பேஸ் < 4.17 வேண்டும்' என்கிற பொருளில் முடிகிற வரி. மற்றதெல்லாம் கபால் தான் போய்ப் பார்த்த முட்டுச்சந்துகளின் கணக்கு.

பேஸ் என்பது ஹஸ்கலின் அடிப்படை நூலகம், மற்றப் பொதிகள் மாதிரி அல்ல. அது கொம்பைலரோடு ஒட்டிப் பிறந்தது. ஜி.எச்.சி 9.2 என்றால் பேஸ் 4.16, 9.4 என்றால் 4.17, 9.6 என்றால் 4.18. கபால் நினைத்தாலும் அதை மாற்றிப் போட முடியாது. ஆக அந்த வரி உங்களுக்குச் சொல்வது இதுதான்: "இந்தப் பொதியை எழுதியவர் 9.2க்கு மேல் உறுதி தரவில்லை, நீங்களோ 9.6இல் நிற்கிறீர்கள்."

என்ன செய்யலாம்? முதலில் 'கபால் அப்டேட்'. சிரிக்காதீர்கள். என்னிடம் வந்தவர்களில் பலருக்குப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. உங்கள் கணினியில் இருக்கும் ஹக்கேஜ் (ஹஸ்கல் பொதிகளின் பொதுக் களஞ்சியம்) அட்டவணை ஆறு மாதம் பழையதென்றால், நேற்று வந்த திருத்தம் கபாலுக்குத் தெரியாது.

அப்படியும் சரிவராவிட்டால் 'அலவ்-நியூவர்' இருக்கிறது. மேல் வரம்பைக் கண்டுகொள்ளாதே என்று கபாலிடம் சொல்வது. ஹஸ்கல் பொதிகளின் பதிப்பு எண்ணில் முதல் இரண்டு பகுதிகளும் சேர்ந்துதான் பெரிய பதிப்பு. பழைய குறியீட்டை உடைக்கிற மாற்றம் என்றால் அதைக் கூட்ட வேண்டும் என்பது வழக்கம். வரப்போகும் பெரிய பதிப்பை யாரும் முன்கூட்டிச் சோதிக்க முடியாதே, அதனால் ஆசிரியர்கள் ஒரு பயத்தில் மேல் வரம்பு போட்டு வைப்பார்கள். பல நேரம் அது வெறும் பயம்தான். கபால்.புரொஜெக்ட் பைலில் அந்த ஒரு பொதிக்கு, அதன் பேஸ் வரம்புக்கு மட்டும் அதைத் தளர்த்துங்கள்.

எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தளர்த்தாதீர்கள். நான் செய்து பட்டிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் பழைய குறியீடு, அதில் ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் படிக்க அயிசன் என்ற பொதி, பதிப்பு 1.5. அலவ்-நியூவரைத் திறந்துவிட்டேன், கபால் சந்தோஷமாக அயிசன் 2ஐ இழுத்துக்கொண்டு வந்தது. முக்கால் மணி நேரம் கட்டிவிட்டு, கடைசியில் எங்கள் பைல்களில் டைப் பிழைகள் வரிசையாக. 2021இல் வந்த அயிசன் 2.0 ஜேசன் ஒப்ஜெக்டின் டைப்பையே மாற்றியிருந்தது. ஹாஷ்மேப் போய்க் கீமேப். அந்த மேல் வரம்பு சும்மா போட்டதல்ல.

மூன்றாவது வழி, கொம்பைலரையே இறக்குவது. இது தோல்வி மாதிரித் தெரியும், ஆனால் பல நேரம் இதுதான் குறுக்குவழி. ஜி.எச்.சி-அப்பில் 9.2.8ஐப் போட்டு, கபால்.புரொஜெக்டில் 'வித்-கொம்பைலர்: ஜி.எச்.சி-9.2.8' என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. மற்றப் புரொஜெக்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் வாளியால் அள்ளிக் குளித்திருப்பீர்கள்தானே? ஏழு கிணறும் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. கட்டிய பொதிகளைக் கபால் போட்டு வைக்கும் ஸ்டோரும் அப்படித்தான். ஒவ்வொரு ஜி.எச்.சி பதிப்புக்கும் தனிக் கிணறு.

வீட்டில் டொங்கிள் டேட்டாதான், லப்டொப்பில் 4 ஜிபி ரம். பில்ட் தொடங்கினால் மவுஸ்கூட அசையாது. இடையில் கரண்ட் போனால் எல்லாம் முதலில் இருந்தா? (நிலாவெளி வாசகர்)

கரண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கட்டி முடிந்த ஒவ்வொரு பொதியும் உடனே ஸ்டோருக்குள் போய்விடும். பாதியில் நின்றது மட்டும்தான் மறுபடி. சிலர் பிழை வந்தவுடன் அந்த ஸ்டோரையே அழிக்கிறார்கள். அது சேமித்த டேட்டாவைக் கடலில் கொட்டுகிற வேலை. அழித்தே ஆகவேண்டும் என்றால் புரொஜெக்டுக்குள் இருக்கும் 'டிஸ்ட்-நியூஸ்டைல்' போல்டரை அழியுங்கள். அதில் இருப்பது உங்கள் சொந்தக் குறியீட்டின் விளைவுகள்தான்.

டேட்டாவுக்கு: கம்பஸ் வைபை கிடைக்கும் நாளில் 'கபால் பில்ட் --ஒன்லி-டவுன்லோட்' என்று ஓட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். ஸ்டாக்கில் 'ஸ்டாக் பில்ட் --ட்ரை-ரன் --ப்ரீஃபெட்ச்'. பிறகு நெட் இல்லாமலே கட்டலாம். ஒரு எச்சரிக்கை, வீட்டில் 'கபால் அப்டேட்' கொடுத்துவிடாதீர்கள். அது புதுப் பதிப்புகளைக் கண்டுபிடித்து, இறக்கியதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்கும்.

ரம்முக்கு: கபால்.புரொஜெக்ட்.லோக்கல் பைலில் இரண்டு வரி போடுங்கள். 'ஜொப்ஸ்: 1', 'ஒப்டிமைசேஷன்: ஃபோல்ஸ்'. முதலாவது ஒரு நேரத்தில் ஒரு பொதியை மட்டும் கட்டச் சொல்லும். இரண்டாவது உங்கள் குறியீட்டை மெருகேற்றாமல் வேகமாகக் கட்டும். பழகும் காலத்தில் அது போதும். லென்ஸ் பொதியை இரண்டே இரண்டு ஃபங்ஷனுக்காகச் சேர்த்திருந்தால் அதை எடுத்துவிட்டு மைக்ரோலென்ஸ் போடுங்கள். 4 ஜிபி ரம்முக்கு லென்ஸும் அதன் சொந்தபந்தங்களும் கொஞ்சம் கூடத்தான்.

"மிசிங் சி லைப்ரரி: ஸெட்" என்கிறது. ஹக்கேஜில் தேடினேன், அப்படி ஒன்று இல்லை. (அனுராதபுரச் சந்தியில் இருந்து)

இருக்காது. அது சி நூலகம், ஹஸ்கல் அல்ல. உபுண்டு என்றால் ஆப்ட் மூலம் 'ஸெட்லிப்1ஜி-டெவ்' போடுங்கள். அடுத்ததாக போஸ்ட்கிரெஸ் பொதி அழுதால் 'லிப்பிக்யு-டெவ்'. கடைசியில் 'டெவ்' என்று இருக்கவேண்டும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

என் கணினியில் ஓடுகிறது, மூதூரில் இருக்கும் நண்பனுக்கு ஓடவில்லை. இரண்டு பேரும் ஒரே கபால் பைல்தான். (தோப்பூர் வாசகர்)

கபால் பைலில் எழுதுவது எல்லைகளைத்தான். அதற்குள் எந்தப் பதிப்பை எடுப்பது என்பதை ஒவ்வொரு கணினியும் தன் அட்டவணையைப் பார்த்துத் தானே முடிவு செய்கிறது. நீங்கள் தையில் அப்டேட் கொடுத்து, அவர் ஆடியில் கொடுத்தால் இரண்டு முடிவு. ஓடுகிற கணினியில் 'கபால் ஃப்ரீஸ்' கொடுங்கள். எடுத்த பதிப்புகளை எல்லாம் ஒரு பைலில் பூட்டி வைக்கும். அதையும் குறியீட்டின் மாற்றங்களைப் பதியும் 'கிட்'டில் சேர்த்துவிடுங்கள். கொம்பைலரும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பேஸ் கதை திரும்பத் தொடங்கும்.

'கபால் இன்ஸ்டோல் --லிப்' கொடுத்து நாலு பொதி போட்டேன். அன்றிலிருந்து ஜி.எச்.சி.ஐ (வரி வரியாகத் தட்டிப் பார்க்கும் ஜி.எச்.சி) குழம்பிப் போயிருக்கிறது. (பெயர் வேண்டாம் என்றவர்)

பெயர் போட மாட்டேன், எல்லோரும் ஒரு தடவை செய்கிற பிழைதான். அந்தக் கட்டளை உங்கள் ஹோமில் உள்ள '.ஜி.எச்.சி' போல்டருக்குள் 'என்வைரன்மென்ட்ஸ்' என்று ஒன்றை உண்டாக்கி, அதில் 'டிஃபோல்ட்' என்று ஒரு பைலை எழுதியிருக்கும். தனக்கென்று வேறு என்வைரன்மென்ட் பைல் இல்லாத எந்த போல்டரில் ஜி.எச்.சி.ஐயைத் திறந்தாலும் அது அந்தப் பைலைத்தான் வாசிக்கிறது. அந்த ஒரு பைலை அழியுங்கள். பிறகு சின்னப் பரிசோதனைக்குக்கூட 'கபால் இனிட்' கொடுத்து ஒரு போல்டர் தொடங்கி, வேண்டிய பொதியை அதன் 'பில்ட்-டிபென்ட்ஸ்' வரியில் எழுதி, 'கபால் ரெப்ல்' என்று உள்ளே போங்கள்.